நாட்களை எண்ணும் அறிவு: விசுவாசியின் அன்றாட நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரத்தைத் திட்டமிடுவது உலகப்பிரகாரமான பழக்கம் அல்லவா? வேதாகமத்தில் அதற்கு இடம் உண்டா?

நாட்குறிப்பும் அட்டவணையும் வேதாகமத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நேரத்தைப் பற்றிய கவலை அதில் நிறையவே இருக்கிறது. பவுல் எபேசியருக்கு எழுதும்போது, ஞானமற்றவர்களைப்போல நடவாமல் கவனமாய் நடந்துகொள்ளச் சொல்லிவிட்டு, "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்கிறார் (எபேசியர் 5:16). இதே வார்த்தைகள் கொலோசெயர் 4:5லும் வருகின்றன. பிரயோஜனப்படுத்துதல் என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல், சந்தையைக் குறிக்கும் 'அகோரா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. விலைகொடுத்து வாங்கி மீட்டெடுப்பது என்பது அதன் பொருள். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்லும்போதும் அதே வினைச்சொல்தான் நிற்கிறது. காலம் என்பதற்குப் பவுல் பயன்படுத்தும் சொல் 'கைரோஸ்'. அது கடிகாரம் காட்டும் நேரத்தைவிட, தக்க சமயம் என்பதற்கு நெருக்கமானது. ஆகவே அவர் நிமிடங்களைச் சேமிக்கச் சொல்கிறார் என்பதைவிட, கையைவிட்டு நழுவிப்போகும் வாய்ப்புகளை விலைகொடுத்தாவது வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் என்று வாசிப்பதே பொருத்தமாகப் படுகிறது.

மோசேயின் ஜெபமாகிய 90ஆம் சங்கீதம் இன்னும் வெளிப்படையானது. ஆயுசு 70 வருஷம், பெலத்தின் மிகுதியால் 80 என்று கணக்குச் சொல்லிவிட்டு, "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்று அது கேட்கிறது. 70 வருஷத்தை நாட்களாக்கினால் ஏறக்குறைய 25,500 வரும். 40 வயதான ஒருவருக்கு அதில் 14,600 நாட்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. இந்தக் கணக்கைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மோசேயும் அதைப் பயத்திற்காக அல்ல, ஞான இருதயத்திற்காகவே கேட்டார்.

இயேசு தம்முடைய நேரத்தை எப்படிச் செலவிட்டார்?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதிலிருந்தே பிறக்கிறது என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். மாற்கு முதலாம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் கழிந்த ஓர் ஓய்வுநாள் விவரிக்கப்படுகிறது. ஜெப ஆலயத்தில் போதனை, அங்கேயே ஓர் அசுத்த ஆவியைத் துரத்துதல், பின்பு சீமோனின் வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்த அவன் மாமியைக் குணமாக்குதல் என்று பகல் கழிகிறது. சூரியன் அஸ்தமித்ததும் ஊரிலிருந்த பிணியாளிகளையெல்லாம் கொண்டுவருகிறார்கள்; பட்டணமே வாசலில் கூடுகிறது. மறுநாள் இருட்டோடே எழுந்து அவர் தனியிடத்திற்குப் போய் ஜெபிக்கிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் கப்பர்நகூமுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஊர்களில் பிரசங்கிக்கப் போவோம் என்கிறார்.

வாசலில் மறுபடியும் கூடியிருக்கக்கூடிய அந்த ஜனங்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய தேவை பொய்யானதல்ல. இருந்தும் அவர் போய்விட்டார். மூன்றரை ஆண்டு என்று பொதுவாகக் கணக்கிடப்படும் அந்த ஊழியம் முடிந்தபோது தேசத்தில் நோயாளிகளும் பசித்தவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் யோவான் 17:4ல் அவர் பிதாவிடம், "நான் செய்யும்படி நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்து முடித்தேன்" என்று சொல்ல முடிந்தது. செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவர் செய்து முடிக்கவில்லை. நியமிக்கப்பட்டதைச் செய்து முடித்தார். விசுவாசியின் நேர நிர்வாகம் இந்த ஒரு சொல்லில்தான் மற்ற முறைகளிலிருந்து பிரிகிறது. 24 மணி நேரத்தில் எவ்வளவு அதிகமாகத் திணிக்கலாம் என்பதை விட்டுவிட்டு, இன்று எனக்கு ஒப்புவிக்கப்பட்டது எது என்று கேட்கிறவன் உக்கிராணக்காரன், அதாவது எஜமானுடைய பொருளை நிர்வகிக்கும் பொறுப்பாளி.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். காலை எழுந்ததுமுதல் படுக்கும்வரை, அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று ஒரு சிறு நோட்டில் ஒரு சொல் போதும். நான் இதை முதன்முதலில் செய்தபோது, ஜெபிக்க நேரமில்லை என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் நோட்டைப் புரட்டியபோது, இரவு 9:30க்கும் 11 மணிக்கும் இடையிலுள்ள கட்டங்களில் நான்கு நாளும் 'சும்மா' என்றே எழுதியிருந்தது. அந்தச் சொல்லை எழுதியபோது எனக்கு அது உறைக்கவில்லை. வரிசையாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. அட்டவணை போடுவதெல்லாம் அதற்குப் பிறகு செய்யவேண்டிய வேலை.

அதிகாலையில் எழுந்து ஜெபித்தால்தான் தேவன் கேட்பாரா?

இல்லை. அதிகாலை ஜெபத்திற்கு வேதத்தில் உயர்ந்த முன்மாதிரிகள் உண்டு. "அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்" என்று 63ஆம் சங்கீதம் தொடங்குகிறது. மேலே பார்த்ததுபோல ஆண்டவரும் இருட்டோடே எழுந்தார். ஆனால் ஈசாக்கு தியானம்பண்ண வெளியே போனது சாயங்காலவேளை (ஆதியாகமம் 24:63). தானியேல் ஜெபித்தது தினம் மூன்று வேளை. பேதுரு யோப்பாவில் மேல்வீட்டில் ஜெபிக்க ஏறியது ஆறாம் மணி நேரத்தில், அதாவது நண்பகலில். பவுலும் சீலாவும் சிறையில் பாடியது நடுராத்திரி. இயேசுவே ஒருமுறை இராமுழுவதும் ஜெபித்திருக்கிறார் (லூக்கா 6:12).

காலை நேரத்தின் நன்மை என்னவென்றால், அப்போது இன்னும் யாரும் உங்களைக் கூப்பிடத் தொடங்கவில்லை என்பதுதான். இரவுப்பணி முடிந்து காலை 7 மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அந்த நன்மை வேறொரு நேரத்தில் கிடைக்கும். தூக்கத்தில் தலை தொங்கத் தொங்க நான்கு மணிக்கு எழுந்து, அன்றைய பகல் முழுவதும் வீட்டாரிடம் எரிந்துவிழுகிறவரைவிட, ஆறு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் தெளிவான மனதோடு ஜெபிக்கிறவர் தம் வீட்டாருக்கு நன்மை செய்கிறார் என்பது என் எண்ணம்.

நேரத்திலும் தசமபாகம் கொடுக்க வேண்டுமா? ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்ற அளவு உண்டா?

24 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு 2 மணி 24 நிமிடம். இந்தக் கணக்கு பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் நிலத்தின் பலனுக்கும் கால்நடைகளுக்கும் உரியது. நேரத்திற்கு அப்படியொரு கட்டளை கொடுக்கப்படவில்லை. ஒருவர் தாமாக விரும்பி அப்படிக் கொடுத்தால் நல்லது. மற்றவர்மேல் அதை நுகமாகச் சுமத்தும்போதுதான் தவறு நேர்கிறது. கைக்குழந்தையோடு இரவில் மூன்றுமுறை எழுந்த தாயிடம் 2 மணி 24 நிமிடம் கேட்பவர், அந்தக் குழந்தையை ஓர் இரவு கவனித்துப் பார்க்கட்டும்.

அளவு வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உதவும். வேதாகமத்தில் 66 புத்தகங்களிலும் சேர்த்து 1,189 அதிகாரங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் ஏறக்குறைய மூன்றேகால் வருஷத்தில் முடியும். புதிய ஏற்பாட்டில் மட்டும் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வாசித்தால் சரியாக 52 வாரம், அதாவது ஒரு வருஷம். விட்டுப்போன நாட்களை ஈடுசெய்ய ஒவ்வொரு வாரமும் இரண்டு நாள் மீதியிருக்கும். எல்லா அதிகாரமும் ஒரே நீளமல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம். 119ஆம் சங்கீதம் 176 வசனம். அதை ஒரே நாளில் முடிக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வேதம் வாசிக்க அமர்ந்தால் கைப்பேசி இழுத்துக்கொண்டு போகிறது. என்ன செய்வது?

பலர் வேதாகமத்தையே கைப்பேசியில்தான் வாசிக்கிறார்கள். சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தில் இருக்கும்போது திரையின் மேற்பகுதியில் ஒரு செய்தி எட்டிப்பார்க்கிறது. ஒரு நொடி பார்த்துவிட்டு வரலாம் என்று விரல் அதைத் தொடுகிறது. திரும்பி வரும்போது இருபது நிமிடம் போயிருக்கும். எந்தச் சங்கீதம் வாசித்தோம் என்பதும் மறந்திருக்கும். இதை மனவுறுதியால் மட்டும் வெல்ல முயல்வது வீண்பாடு. அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துக்கொண்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அமர்வதே எளிது. கைப்பேசி பாவமா என்று கேட்கிறவர்களுக்கு, பவுல் கொரிந்தியருக்குச் சொன்னது போதுமான அளவுகோல்: எல்லாவற்றையும் அநுபவிக்க அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன் (1 கொரிந்தியர் 6:12).

அலுவலகத்திலும் சமையலறையிலும் போகும் நேரம் தேவனுக்குச் சேராத நேரமா?

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற வசனத்தை நாம் சுவரில் மாட்டிவைக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தைப் பார்த்தால், அது முதலாவது யாருக்கு எழுதப்பட்டது என்பது தெரியும். எஜமான்களுக்குக் கீழ்ப்பட்டிருந்த அடிமைகளுக்கு எழுதப்பட்டது (கொலோசெயர் 3:22, 23). தங்கள் நாளில் ஒரு மணி நேரத்தைக்கூடத் தாங்களாகத் திட்டமிட முடியாத மனிதர்களிடம், நீங்கள் செய்யும் வேலை கர்த்தருக்கே போய்ச் சேருகிறது என்று பவுல் சொன்னார். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடமொன்றின் சமையலறையில் வேலைசெய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்திற்கு நடுவிலும் முழங்காற்படியிட்டு ஆராதிக்கும்போது இருக்கிற அதே அமைதியோடு தாம் தேவனோடு இருப்பதாகச் சொன்னவர். ஆனால் இந்த உண்மையைத் தனிஜெபத்தைக் கைவிடுவதற்கான சாக்காக ஆக்கிக்கொள்ளக்கூடாது. அவருக்கும் மடத்தின் ஜெபவேளைகள் இருந்தன.

சபை ஊழியத்தில் மும்முரமாக இருப்பதால் குடும்பத்தோடு செலவிட நேரம் கிடைப்பதில்லை. இது தியாகம்தானே?

சில சமயம் தியாகம். பல சமயம் அப்படி இல்லை. தாய் தகப்பனுக்கு உதவியாயிருக்கவேண்டியதைக் கொர்பான் என்று, அதாவது காணிக்கையாய்க் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7:11). நேரத்திலும் கொர்பான் உண்டு. மகனுடைய தேர்வு நாளில் ஜெபக்கூட்டம், மனைவி காய்ச்சலாய்ப் படுத்திருக்கும் மாலையில் கமிட்டி கூட்டம் என்று ஒவ்வொன்றையும் ஊழியத்தின் பெயரால் நியாயப்படுத்திக்கொள்ள முடியும்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோட்டத்தில் வாசித்துப் பாருங்கள். மோசேயின் மாமனாகிய எத்திரோ, தன்னிடத்தில் இருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும் அவள் இரண்டு குமாரரையும் அழைத்துக்கொண்டு வனாந்தரத்திற்கு வந்து சேர்கிறான். அதற்கு மறுநாளே மோசே நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறான். காலமே துவக்கிச் சாயங்காலமட்டும் ஜனங்கள் அவனுக்கு முன்பாக நிற்கிறார்கள். நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று எத்திரோ சொன்னபோது, அவன் மனதில் தன் மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்களோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேதம் அதைச் சொல்லவில்லை. இது என் ஊகமே. அவன் சொன்ன வழி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது: ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தி, சிறிய காரியங்களை அவர்களிடம் ஒப்புவித்து, பெரியவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்யும் போதகருக்கும், ஞாயிறு பள்ளி முதல் நாற்காலி அடுக்குவது வரை ஒருவரிடமே விட்டுவிடும் சபைக்கும் அந்த ஆலோசனை இன்னும் பழையதாகவில்லை.

குடும்பத்திற்கு நேரம் ஒதுக்குவதில் எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயாகிய சூசன்னா வெஸ்லி. 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைச் சிறுவயதிலேயே இழந்தவர் அவர். 1712ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில், வாரத்தின் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்துப் பேசுவதற்கென்று ஒதுக்கியிருந்ததை அவர் சொல்கிறார். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்லசுக்குச் சனிக்கிழமை. ஜான் வெஸ்லி வளர்ந்து போதகரான பின்பும், அந்த வியாழன் மாலையின் ஒரு சிறு பகுதியைத் தமக்கு மறுபடியும் தரமுடியுமா என்று தாயிடம் கடிதத்தில் கேட்டிருக்கிறார்.

உதவி கேட்கிறவர்களிடம் 'முடியாது' என்று சொல்வது அன்பில்லாமை ஆகாதா?

எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவைச் சமவெளிக்கு வரும்படி எதிரிகள் நான்குமுறை ஆளனுப்பினார்கள். நான் பெரிய வேலையைச் செய்கிறேன், வரக்கூடாது என்று நான்குமுறையும் ஒரே பதிலைச் சொன்னார். அலங்கம் 52 நாளில் கட்டி முடிந்தது. அவர் மறுத்தது எதிரிகளிடம் அல்லவா என்று கேட்பீர்களானால், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே கேட்டவர்கள் விசுவாசிகள், தேவை விதவைகளின் சாப்பாடு. பன்னிருவர் அந்தத் தேவையை அலட்சியம் செய்யவும் இல்லை, தாங்களே எடுத்துச் செய்யவும் இல்லை, ஏழுபேரை நியமித்தார்கள். மறுக்கும்போது வேறொரு வழியைக் காட்டிவிட்டு மறுப்பது நல்லது.

திட்டமிட்ட நாள் குறுக்கீடுகளால் குலைந்துபோனால்?

யவீருவின் 12 வயது மகள் மரண அவஸ்தையில் இருக்கிறாள். இயேசு அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் 12 வருஷமாய்ப் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கால் வருந்திய) ஒரு ஸ்திரீ அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்று, தொட்டது யார் என்று கேட்டு, அவள் தன் காரியத்தையெல்லாம் சொல்லுமளவும் காத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற யவீருவுக்கு அந்த நிமிடங்கள் எப்படியிருந்திருக்கும்? மகள் மரித்துப்போனாள் என்ற செய்தியும் அப்போதுதான் வருகிறது. ஆனாலும் அந்த ஸ்திரீக்கும் சமாதானம் கிடைத்தது, சிறுபெண்ணும் எழுந்து நடந்தாள்.

எல்லாக் குறுக்கீடும் தேவன் அனுப்பியது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம், அரட்டையும் குறுக்கீடுதான். எதிரே நிற்கிற மனிதருக்கு உண்மையான தேவை இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். நாளை முழுவதும் நிரப்பித் திட்டமிடாமல், ஒரு மணி நேரமாவது வெறுமையாக விட்டுவைத்தால் அப்படி நின்று பேச இடமிருக்கும். "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று யாக்கோபு 4:15 சொல்வதை நாட்குறிப்பில் கடைப்பிடிக்க இதுவும் ஒரு வழி.

தள்ளிப்போடும் பழக்கத்தை எப்படி விடுவது?

"இன்னுங்கொஞ்சம் உறங்கட்டும்" என்பதே சோம்பேறியின் பேச்சு என்று நீதிமொழிகள் சொல்கிறது. அவன் நாள் முழுவதும் உறங்கப்போகிறேன் என்று சொல்வதில்லை, இன்னுங்கொஞ்சம் என்றுதான் சொல்கிறான். அலாரத்தை நிறுத்தி நிறுத்தி எழுகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மிகவும் தட்டிக்கழிக்கும் வேலையைக் காலையில் முதலாவதாகப் பத்து நிமிடம் மட்டும் செய்யத் தொடங்குங்கள்.

ஓய்வெடுக்கும்போது குற்றவுணர்வு வருகிறது. இது சரியா?

பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் சொல்லப்படுகின்றன. யாத்திராகமம் 20ல் தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமம் 5ல், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை என்பது காரணம். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. ஓய்வெடுக்க முடியாதவன் அடிமை. எகிப்தைவிட்டு வந்த பின்பும் செங்கல் கணக்கை மனதில் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கட்டளை ஒரு விடுதலைப் பத்திரம்.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் செய்ததையும் கவனியுங்கள். தூதன் அவனைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். இரண்டாந்தரமும் அதுவே நடந்தது. ஓரேபில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் பின்புதான். நீடித்த சோர்வும் தூக்கமின்மையும் இருந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசமாகாது.

ஜெபக்கூட்டத்திற்குத் தாமதமாக வருவது பெரிய குற்றமா?

6 மணிக்கு என்று அறிவித்த கூட்டம் 6:40க்குத் தொடங்கி, நேரத்தோடு வந்த 50 பேர் காத்திருந்தால், வீணானது 40 நிமிடம் அல்ல. 33 மணி நேரத்திற்கும் மேல். நடத்துகிறவர்கள் குறித்த நேரத்தில் தொடங்கிவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் மற்றவர்களும் பழகிவிடுவார்கள்.

வருஷக்கணக்கில் வீணாக்கிவிட்டேன். இனி என்ன பயன்?

வெட்டுக்கிளி "பட்சித்த வருஷங்களின் விளைவை" திரும்ப அளிப்பேன் என்று யோவேல் 2:25ல் கர்த்தர் சொல்கிறார். வருஷங்களையே திரும்பத் தருவேன் என்று சொல்லவில்லை. விளைவைத் தருவேன் என்கிறார். போன நாட்கள் போனவைதான். ஆனால் திராட்சத்தோட்டத்தில் பதினோராம் மணிவேளையில் வந்தவனுக்கும் வேலை இருந்தது, கூலியும் இருந்தது. அவன் மீதியிருந்த ஒரு மணி நேரத்தை, காலையில் ஏன் வரவில்லை என்று புலம்புவதில் செலவிட்டதாக உவமை சொல்லவில்லை.

இரவு படுக்கும்போது பாதி வேலை மீதியிருக்கிறது. எப்படி நிம்மதியாகத் தூங்குவது?

ஆதியாகமத்தில் நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறது: "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றே ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. அந்தக் கணக்கின்படி தூக்கம் நாளின் முதற்பகுதி. நாம் விழித்தெழும்போது தேவன் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கிறார். விதைத்தவன் இரவில் தூங்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்கிறது என்று ஆண்டவர் சொன்ன உவமையும் (மாற்கு 4:27) இதையே காட்டுகிறது.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். படுக்கும்முன் ஒரு தாளில், முடியாமல் நின்றவற்றை ஒவ்வொரு வரியாக எழுதி, நாளை முதலாவது செய்யவேண்டியதன்கீழ் ஒரு கோடு போடுங்கள். எழுதியவற்றைப் பெயர் சொல்லி ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு, தாளைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிடுங்கள். காலையில் அது அங்கேயே இருக்கும்.